பின்னால் நிற்கும் வேலை: கால்பந்தில் தொழில்முறை டிஃபெண்டராக வர நினைப்பவர்களுக்கு

“ஸ்ட்ரைக்கர் இடத்துக்கு ஆள் இருக்கு, நீ பின்னாடி நில்லு” என்று கோச் சொன்னதால் டிஃபெண்டர் ஆனவர்கள்தான் இதை அதிகம் படிப்பீர்கள் என்று நினைக்கிறேன். அதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. ஃபிரான்ஸ் பெக்கன்பவர் 1966 உலகக் கோப்பையில் நடுக்களத்தில் ஆடியவர். பிறகு பின்னால் வந்து ஆடித்தான் 1972-லும் 1976-லும் ஆண்டின் சிறந்த ஆட்டக்காரருக்கான பாலன் தோர் விருது வாங்கினார். ஹாவியர் மஸ்செரானோ பார்சிலோனாவுக்குப் போகும்வரை நடுக்கள வீரர். செர்ஹியோ ராமோஸ் ரைட் பேக்காகத் தொடங்கி சென்டர் பேக் ஆனார். இடம் மாறி வந்தவர்களால் நிரம்பியதுதான் பின்களம்.

இந்த வேலைக்கு ஒரு தனிக் குணம் உண்டு. ஸ்ட்ரைக்கர் ஐந்து வாய்ப்பில் நான்கைக் கோட்டைவிட்டு ஐந்தாவதை அடித்தால் அன்றைக்கு அவர்தான் ராஜா. டிஃபெண்டர் ஐந்தில் நான்கைத் தடுத்து ஐந்தாவதை விட்டால் தோல்வி அவர் தலையில். ஆகவே ஒரு டிஃபெண்டரைப் பார்க்கும்போது கோச்சின் மனதில் ஓடும் கேள்வி ஒன்றுதான்: ‘இவனை அங்கே நிறுத்திவிட்டு நான் வேறு பக்கம் பார்க்கலாமா?’ பந்தைக் காலால் பறிக்கும் டேக்கிள் முதல் ஒப்பந்தம் வரை கீழே வரும் எல்லாமே அந்தக் கேள்விக்கு ‘பார்க்கலாம்’ என்ற பதிலை வாங்குவதற்கான வழிகள்.

முதலில், உங்கள் இடம் எது?

சென்டர் பேக் கோலுக்கு நேரே நிற்பவர். எதிரணி ஸ்ட்ரைக்கரோடு மல்லுக்கட்டுவது, உயரப் பந்துகளை வெட்டுவது, அணியின் முதல் பாஸைப் போடுவது எல்லாம் அவர் பாடு. ஃபுல் பேக் ஓரத்தில் ஆடுபவர்; வலப்பக்கம் என்றால் ரைட் பேக், இடப்பக்கம் என்றால் லெஃப்ட் பேக். ஓரமாக ஏறித் தாக்கும் எதிரணி விங்கரைத் தடுக்கவும் வேண்டும், பந்து நம் அணிக்கு வந்ததும் மேலே ஏறி ஓடவும் வேண்டும். பின்னால் மூன்று பேரை வைத்து ஆடும் அணியில் ஓரம் முழுவதையும் ஒருவரே பார்த்துக்கொண்டால் அவர் விங் பேக். நுரையீரல் பெரிதாக இருப்பவர்களுக்கான இடம் அது.

உயரத்தைப் பற்றி எல்லோரும் கேட்பார்கள். சென்டர் பேக்குக்கு உயரம் நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் 2006-ல் இத்தாலி கேப்டனாக உலகக் கோப்பையைத் தூக்கி, அதே ஆண்டு பாலன் தோரும் வாங்கிய ஃபேபியோ கன்னவாரோ சுமார் 176 செ.மீ. உயரம்தான். 2014-ல் ஜெர்மனிக்குக் கோப்பையைத் தூக்கிய கேப்டன் ஃபிலிப் லாம் சுமார் 170 செ.மீ. உயரம் குறைவு என்றால் எப்போது குதிப்பது, எங்கே நிற்பது என்ற கணக்கு மற்றவர்களைவிடக் கூர்மையாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இடது காலில் ஆடுபவரா? உங்களுக்குக் கிராக்கி அதிகம். இடது பக்கம் நிற்கும் சென்டர் பேக் வலது காலர் (வலது காலில் ஆடுபவர்) என்றால் பந்தை ஓரத்துக்குத் திருப்ப ஒரு தொடுகை கூடுதலாக வேண்டும், அந்த இடைவெளியில் எதிராளி வந்து மேலே விழுந்துவிடுவார். அதனால் கிளப்புகள் இடது காலரைத் தேடுகின்றன. வலது காலர்கள் மனம் தளர வேண்டாம். இத்தாலியின் மிலான் கிளப்பில் ஆடிய பாவ்லோ மால்டினி இயல்பில் வலது காலர், பேர் வாங்கியது லெஃப்ட் பேக் இடத்தில். சுவரில் இடது காலால் தினம் இருநூறு பாஸ் அடியுங்கள். சலிப்பான வேலைதான், ஆனால் இதற்குக் குறுக்கு வழி கிடையாது.

எந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தாலும் பக்கத்து இடத்தையும் கற்று வையுங்கள். மாற்று ஆட்டக்காரர்களின் பெஞ்சில் இடம் குறைவு. சென்டர் பேக்காகவும் ரைட் பேக்காகவும் இறங்கக்கூடிய இளைஞனுக்கு அங்கே முதலில் இடம் கிடைக்கும்.

ஒற்றைக்கு ஒற்றை

எல்லாவற்றுக்கும் அடிப்படை இது. விங்கர் பந்தோடு உங்களை நோக்கி வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். புதியவர்கள் செய்யும் முதல் தப்பு, அவருக்கு நேரே இரண்டு காலையும் அகட்டி நிற்பது. அப்படி நின்றால் பந்து கால்நடுவே போகும். போகாவிட்டாலும் எந்தப் பக்கம் திரும்புவதானாலும் அரை நொடி தாமதம். உடம்பைச் சரித்து நில்லுங்கள்: ஒரு கால் முன்னே, ஒரு கால் பின்னே, முழங்கால் மடங்கி, எடை முன்பாதத்தில். குதிகால் தரையில் அழுந்தியிருந்தால் பந்தயம் தொடங்கும் முன்பே தோற்றாயிற்று. உங்களுக்கும் அவருக்கும் நடுவே ஒரு கை நீளத்துக்குச் சற்று அதிகமான இடைவெளி. கோல் இருக்கும் உள்பக்கத்தை உடம்பால் அடைத்துவிட்டு, கோட்டோரம் போகும் வழியை வேண்டுமென்றே திறந்து வையுங்கள். அந்தப் பக்கம் போனால் அவருக்கு இடம் சுருங்கிக்கொண்டே போகும்.

கண் பந்தின் மேல் இருக்கட்டும். அவர் தோளை ஆட்டுவார், பந்தைச் சுற்றிக் காலைச் சுழற்றுவார், ஒரு பக்கம் பார்த்துவிட்டு மறுபக்கம் போவார். எல்லாம் உங்களுக்காக நடத்தும் கூத்து. பந்து திசை மாறாதவரை நீங்களும் மாற வேண்டியதில்லை. சின்னச் சின்ன அடி வைத்துப் பின்வாங்கிக்கொண்டே இருங்கள். அப்புறம் ஒரு கணம் வரும். பந்தைச் சற்றுப் பலமாகத் தட்டிவிடுவார், அது அவர் காலிலிருந்து ஒரு முழம் விலகும். அதுதான் நேரம். பந்துக்குக் கிட்டே இருக்கும் காலால் அதைத் தட்டிவிட்டு, உங்கள் தோளை அவருக்கும் பந்துக்கும் நடுவே நுழைத்துவிடுங்கள்.

அந்தக் கணம் வரவேயில்லையா? பரவாயில்லை. நான்கு நொடி அவரைத் தாமதப்படுத்தியிருக்கிறீர்கள். அதற்குள் உங்கள் ஆட்கள் இரண்டு பேர் ஓடி வந்து சேர்ந்திருப்பார்கள். பந்தைப் பறித்தால் கைதட்டல் கிடைக்கும், ஆனால் உங்களுக்குச் சம்பளம் அந்த நான்கு நொடிக்குத்தான்.

சறுக்கி எடுக்கும் டேக்கிளைப் பற்றி ஒரு வார்த்தை. பார்க்க அழகு, காணொளித் துணுக்குகளில் நன்றாக ஓடும். ஆனால் கீழே விழுந்த டிஃபெண்டர் அடுத்த மூன்று நொடிக்கு ஆட்டத்தில் இல்லை. வேறு வழியே இல்லாதபோது மட்டும் கீழே போங்கள். ஒருவர் ஒரு ஆட்டத்தில் ஆறு முறை சறுக்கினால் அவர் வீரமானவர் என்று நான் நினைப்பதில்லை. ஆறு முறை தப்பான இடத்தில் நின்றிருக்கிறார் என்றுதான் நினைப்பேன்.

பழகுவதற்கு எளிய வழி: பத்து மீட்டர் அகலக் கட்டம், ஒரு நண்பர், ஒரு பந்து. நீங்கள் பறிக்க வேண்டாம், பத்து நொடிக்கு அவர் உங்களைத் தாண்டாமல் இருந்தால் போதும். இரண்டு கையிலும் ஒவ்வொரு டென்னிஸ் பந்தைப் பிடித்துக்கொண்டு ஆடுங்கள், சட்டையைப் பிடித்து இழுக்கும் பழக்கம் தானாகக் குறையும். வீடியோ ரெஃப்ரீ வந்தபிறகு பாக்ஸுக்குள் (கோலுக்கு முன்னால் உள்ள பெனால்டி கட்டத்துக்குள்) அந்தப் பழக்கம் பெனால்டியில்தான் போய் முடியும்.

நான்கு பேர், ஒரு கயிறு

தனியாளாகத் தடுக்கத் தெரிந்தபின் கூட்டாகத் தடுப்பதைக் கற்க வேண்டும். 1980-களின் கடைசியில் மிலானின் கோச்சாக இருந்த அர்ரிகோ சாக்கி ஒரு சம்பவத்தைச் சொல்லியிருக்கிறார். இவ்வளவு ஒழுங்கு எதற்கு, ஆட்டக்காரர்கள் நல்லவர்களாக இருந்தால் போதாதா என்று அவருடைய நட்சத்திரங்களான ரூட் குல்லிட்டும் மார்கோ வான் பாஸ்டனும் முணுமுணுத்தார்களாம். சரி, ஒரு கோல்கீப்பரும் நான்கு டிஃபெண்டர்களும் ஒரு பக்கம், நீங்கள் பத்துப் பேர் மறுபக்கம், பதினைந்து நிமிடத்தில் ஒரு கோல் அடியுங்கள் என்று சாக்கி சவால் விட்டார். தஸ்ஸோத்தி, கோஸ்தாகூர்த்தா, பரேசி, மால்டினி நால்வரும் நின்றார்கள். பத்துப் பேராலும் அடிக்க முடியவில்லை.

அந்த நால்வரும் செய்ததன் அடிப்படையை நீங்களும் பழகலாம். நால்வர் இடுப்பிலும் ஒரே கயிற்றைக் கட்டியதாக நினைத்துக்கொள்ளுங்கள். மைதானம் 68 மீட்டர் அகலம், அதை நான்கு பேர் முழுதாக மூட முடியாது. பந்து இருக்கும் பக்கம் எல்லோரும் நகர்ந்து நெருங்குங்கள், தூரத்து ஓரத்தை விட்டுவிடுங்கள். அங்கே பந்து போக நேரமாகும், அதற்குள் மறுபடி நகர்ந்துவிடலாம்.

நால்வரும் நிற்கும் அந்த வரிசைக் கோட்டை எப்போது மேலே ஏற்றுவது, எப்போது பின்வாங்குவது என்பதுதான் புதியவர்களுக்குப் பெரிய குழப்பம். பந்து வைத்திருப்பவரைப் பாருங்கள். அவர் மேல் நம் ஆள் ஒருவர் அழுத்திக்கொண்டிருந்தால், அல்லது அவர் நம் கோலுக்கு முதுகு காட்டி நின்றால், தைரியமாக மேலே போகலாம். யாரும் தொந்தரவு செய்யாமல் அவர் தலைநிமிர்ந்து முன்னால் பார்க்கிறாரா, அடுத்த பந்து உங்கள் தலைக்கு மேல்தான் வரப்போகிறது. அப்போதே திரும்பி ஓடத் தொடங்குங்கள். ஆஃப்சைடு வலையை (எதிராளி நம் வரிசைக்குப் பின்னால் மாட்டும்படி கோட்டை மேலே ஏற்றும் உத்தியை) நம்பிக் கையைத் தூக்கிக்கொண்டு நிற்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். நால்வரில் ஒருவர் ஒரு அடி பின்தங்கியிருந்தாலும் வலை கிழிந்தது. 1990-லிருந்து டிஃபெண்டருக்குச் சமமாக நிற்பவர் ஆஃப்சைடு இல்லை என்பதையும் மறக்க வேண்டாம்.

தோளுக்குப் பின்னால் பார்ப்பதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று நொடிக்கு ஒருமுறை ஒரு சின்னத் திரும்பல். ஓரத்திலிருந்து கிராஸ் வரும்போது விடப்படும் கோல்களை உன்னிப்பாகப் பாருங்கள், டிஃபெண்டர் பந்தையே பார்த்துக்கொண்டிருப்பார், ஸ்ட்ரைக்கர் அவர் முதுகுக்குப் பின்னாலிருந்து வருவார். பந்தும் ஆளும் ஒருசேரக் கண்ணில் படும்படி உடம்பைத் திறந்து நில்லுங்கள். இரண்டில் ஒன்றைத்தான் பார்க்க முடிகிறதென்றால் கையை நீட்டி ஆள் எங்கே என்று தொட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். தொடலாம், பிடிக்கக் கூடாது.

அப்புறம் குரல். எனக்குத் தெரிந்த ஒரு கோச், பயிற்சி ஆட்டத்தில் கொஞ்ச நேரம் மைதானத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார். கேட்டால், “யார் டிஃபெண்டர்னு காதால கண்டுபிடிக்கிறேன்” என்பார். கத்துவதிலும் முறை உண்டு. “பார்த்து! பார்த்து!” என்பதால் யாருக்கும் பயனில்லை. முதலில் பேர், பிறகு செய்ய வேண்டியது: “மணி, இடது!”, “ராஜா, ஆள் இருக்கு!”, “திரும்பு, நேரம் இருக்கு!” பின்னால் நிற்பவருக்குத்தான் மொத்த மைதானமும் தெரியும். தெரிந்ததைச் சொல்லாவிட்டால் பாதி வேலையைச் செய்யவில்லை என்று அர்த்தம்.

பந்து காலில் இருக்கும்போது

ஒரு காலத்தில் டிஃபெண்டர் பந்தை எட்டி உதைத்தால் போதும். நெருக்கடி வந்தால் கோல்கீப்பரிடம் தட்டிவிடலாம், அவர் கையால் எடுத்துக்கொள்வார். 1992-ல் வந்த விதி அதை மூடிவிட்டது. சக ஆட்டக்காரர் வேண்டுமென்றே காலால் கொடுத்த பந்தைக் கோல்கீப்பர் கையால் தொடக் கூடாது. 2019-ல் இன்னொரு மாற்றம் வந்தது. கோல் கிக் பாக்ஸைவிட்டு வெளியே போக வேண்டியதில்லை, உள்ளேயே வாங்கலாம். இப்போது சென்டர் பேக்குகள் தங்கள் கோலிலிருந்து சில மீட்டரில் பந்தை வாங்கி, ஓடி வரும் ஸ்ட்ரைக்கரைப் பார்த்துக்கொண்டே பாஸ் போட வேண்டியிருக்கிறது.

இதற்கு ஒரு பழக்கம் போதும். பந்து வரும்போது உடம்பைப் பாதி திருப்பி, பந்துக்குத் தூரமாக இருக்கும் காலால் வாங்குங்கள். அப்படி வாங்கினால் முதல் தொடுகையிலேயே முகம் முன்னால் திரும்பிவிடும். கிட்டத்துக் காலால் வாங்கினால் வந்த வழியே திருப்பிக் கொடுப்பதைத் தவிர வேறு வழி இருக்காது. சந்தேகம் வந்தால் வெளியே அடித்துவிடுங்கள். அதில் அவமானம் ஒன்றும் இல்லை, அடுத்த நிமிடமும் ஸ்கோர் அப்படியே இருக்கும்.

விதிகளில் இன்னொன்றையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். தெளிவான கோல் வாய்ப்பை ஃபவுல் செய்து கெடுத்தால் சிவப்பு அட்டை. பாக்ஸுக்குள் பந்தை எடுக்க முயன்று அது நடந்தால் பெனால்டியோடு மஞ்சள் மட்டும், இது 2016-ல் வந்த தளர்வு. சட்டையை இழுத்தாலோ தள்ளினாலோ இந்தத் தளர்வு கிடையாது. பெனால்டியும் போய் ஆளும் போவார்.

தலையும் உடம்பும்

கண்ணைத் திறந்து, வாயை மூடி, நெற்றியால் முட்ட வேண்டும். பந்து வந்து உங்களை அடிக்கக் கூடாது, நீங்கள் போய்ப் பந்தை அடிக்க வேண்டும். தடுக்கும்போது பந்தின் கீழ்ப்பாதியை முட்டி உயரமாக, தூரமாக, ஓரமாக அனுப்புங்கள். எதிரணிப் பாக்ஸில் கார்னரின்போது மேல்பாதியை முட்டித் தரையை நோக்கி அனுப்புங்கள். ஐரோப்பியக் கிளப்புகளின் பெரும்போட்டியான சாம்பியன்ஸ் லீக்கின் 2014 இறுதியாட்டத்தில் ரியல் மாட்ரிட் தோற்கும் தறுவாயில், 93-வது நிமிடத்தில் கார்னரைத் தலையால் முட்டிச் சமன்செய்தது ஒரு சென்டர் பேக், செர்ஹியோ ராமோஸ்.

ஆனால் தலையால் முட்டுவதை ஒரு நாளில் நூறு முறை பழகாதீர்கள். கிளாஸ்கோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஸ்காட்லாந்தின் முன்னாள் தொழில்முறை ஆட்டக்காரர்களை ஆராய்ந்து 2019-ல் முடிவை வெளியிட்டார்கள். மூளை நரம்புச் சிதைவு நோய்களால் இறக்கும் வாய்ப்பு அவர்களுக்கு மற்றவர்களைவிடச் சுமார் மூன்றரை மடங்கு. 2021-ல் இடவாரியாகப் பார்த்தபோது அந்த நோய்கள் வரும் ஆபத்து டிஃபெண்டர்களுக்குத்தான் மிக அதிகம், சுமார் ஐந்து மடங்கு. கோல்கீப்பர்களுக்குப் பொதுமக்கள் அளவுதான். அதே ஆண்டு இங்கிலாந்துக் கால்பந்து அமைப்புகள், பயிற்சியில் வாரத்துக்குப் பத்து பலமான ஹெட்டருக்கு மேல் வேண்டாம் என்று வழிகாட்டுதல் கொடுத்தன. மென்மையான பந்தை வைத்து நேரக் கணிப்பைப் பழகுங்கள், பலத்தை ஆட்டத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். தலையில் அடிபட்டு மயக்கமோ குழப்பமோ வந்தால் ‘ஒண்ணுமில்லை’ என்று சொல்லித் தொடராதீர்கள், அன்றைய ஆட்டம் அத்தோடு முடிந்தது.

கால்பந்தில் அடிக்கடி போவது தொடையின் பின்தசை. அதற்கு நார்டிக் பயிற்சி இருக்கிறது. மண்டியிட்டு, கணுக்காலை ஒருவர் பிடித்துக்கொள்ள, உடம்பை நேராக வைத்து மெதுவாக முன்னால் சாய்வது. முதல் வாரம் உயிர் போகும், பிறகு பழகிவிடும். உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபாவின் 11+ என்ற இருபது நிமிட வார்ம்-அப் முறையும் காயங்களைக் குறைக்கிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. செலவில்லாத மருந்து.

கிளப்புக்குள் நுழைவது

பதினைந்து, பதினாறு வயதில் அகாடமியிலிருந்து கழற்றிவிடப்பட்டவர்களிடம் நான் சொல்வது, வயதுப் பிரிவின் முதல் மாதங்களில் பிறந்தவர்கள் உடம்பில் முந்திக்கொள்வார்கள், தேர்வாளர்கள் கண்ணிலும் முதலில் படுவார்கள். கடைசி மாதங்களில் பிறந்தவருக்குக் காலம் பிடிக்கும். வெண்டி ரெனார் பதின்ம வயதில் பிரான்ஸின் க்ளேர்ஃபோன்டேன் தேசிய மையத் தேர்வில் தோற்றவர். பிறகு லியோன் மகளிர் அணியில் சேர்ந்து எட்டு முறை மகளிர் சாம்பியன்ஸ் லீக் வென்றார். பல கிளப்புகளின் தேர்வில் திருப்பி அனுப்பப்பட்ட பிரேசிலின் காஃபூ அடுத்தடுத்து மூன்று உலகக் கோப்பை இறுதியாட்டங்களில் இறங்கினார். வெர்ஜில் வான் டைக் இளவயதில் உணவகத்தில் பாத்திரம் கழுவியவர். க்ரோனிங்கன், செல்டிக், சவுத்தாம்ப்டன் என்று ஒவ்வொரு படியாக ஏறி, 26 வயதில்தான் லிவர்பூலுக்குப் போனார்.

ட்ரையல் நாளைப் பற்றிச் சொல்கிறேன். முன்பின் தெரியாத இருபத்திரண்டு பேர், ஆளாளுக்குப் பளபளக்கும் பூட்ஸ், எல்லோரும் தங்களைக் காட்ட நினைப்பதால் யாரும் பாஸ் போட மாட்டார்கள். டிஃபெண்டருக்கு இது கெட்ட சூழல்போலத் தோன்றும், உண்மையில் நல்ல வாய்ப்பு. வார்ம்-அப்பிலேயே பக்கத்தில் நிற்கப்போகும் மூன்று பேரின் பெயரைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஆட்டம் தொடங்கியதும் அந்தப் பெயர்களைச் சொல்லிக் கூப்பிட்டுக் கோட்டை ஒழுங்குபடுத்துங்கள். முதல் இரண்டு பாஸ் எளிமையாக இருக்கட்டும். தப்பு செய்தால் தலையில் கை வைத்துக்கொண்டு நிற்காதீர்கள், உடனே திரும்பி ஓடுங்கள். கோட்டுக்கு வெளியே நோட்டுப் புத்தகத்தோடு நிற்பவர் அந்தத் தப்பைவிட அந்த ஓட்டத்தைத்தான் குறித்துக்கொள்வார்.

வீடியோ அனுப்பச் சொன்னால், டேக்கிள்களை மட்டும் கோத்து இசை போட்டு அனுப்ப வேண்டாம். ஐந்து நிமிடத் தொகுப்பும், வெட்டாத ஒரு முழு ஆட்டமும் அனுப்புங்கள். பந்து உங்களிடம் இல்லாதபோது எங்கே நிற்கிறீர்கள் என்பதைத்தான் அவர்கள் பார்ப்பார்கள்.

வெளிநாட்டுக் கிளப்பில் ட்ரையல் வாங்கித் தருகிறேன், முன்பணம் கொடு என்பவரிடம் ஜாக்கிரதை. கிளப்பின் அதிகாரபூர்வ முகவரிக்கு நீங்களே எழுதி உறுதிசெய்துகொள்ளுங்கள். ஃபிஃபா விதிப்படி 18 வயதுக்குக் கீழ் உள்ளவர் வேறு நாட்டுக் கிளப்புக்கு மாறப் பொதுவாக அனுமதியில்லை. பெற்றோர் கால்பந்தல்லாத காரணத்துக்காகக் குடிபெயர்வது போன்ற சில விலக்குகள் மட்டும் உண்டு. பதினாறு வயதுப் பையனை நேராக ஐரோப்பாவுக்குக் கொண்டுபோகிறேன் என்று ஒருவர் சொன்னால், எந்த விலக்கின்படி என்று கேளுங்கள். பதில் வரும் வேகத்திலேயே ஆளைத் தெரிந்துகொள்ளலாம்.

கையெழுத்துக்கு முன்

ஃபிஃபா விதிகளின்படி ஒப்பந்தம் பொதுவாக அதிகபட்சம் 5 ஆண்டு. 18 வயதுக்குக் கீழ் என்றால் 3 ஆண்டுக்கு மேல் செல்லாது. மருத்துவப் பரிசோதனையில் தேறினால்தான் ஒப்பந்தம் செல்லும் என்று நிபந்தனை போடக் கூடாது, பரிசோதனையைக் கையெழுத்துக்கு முன்பே கிளப் முடித்துவிட வேண்டும். கடைசி ஆறு மாதத்தில் வேறு கிளப்போடு நீங்கள் பேசிக் கையெழுத்திடலாம். ஒப்பந்தம் முடிந்தால், புதிய கிளப் மாற்றுத் தொகை (ட்ரான்ஸ்ஃபர் ஃபீ) கொடுக்காமலேயே நீங்கள் அங்கே போகலாம், அந்த உரிமை ஐரோப்பிய நீதிமன்றத்தின் 1995 போஸ்மன் தீர்ப்பிலிருந்து வந்தது. இரண்டு மாதச் சம்பளம் பாக்கி விழுந்தால், எழுத்தில் அறிவித்து 15 நாள் அவகாசம் கொடுத்தபின் நியாயமான காரணத்தோடு விலகலாம். அதற்கு ஆதாரம் வேண்டும், ஆகவே சம்பளச் சீட்டு, மின்னஞ்சல் எதையும் அழிக்காதீர்கள்.

சம்பள எண்ணை மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போடுபவர்கள் அதிகம். டிஃபெண்டர் பார்க்க வேண்டியவை வேறு. கோல் விடாத ஆட்டத்துக்கு ஊக்கத்தொகை உண்டா? காயம்பட்டால் சிகிச்சையும் சம்பளமும் எத்தனை மாதம்? அணி கீழ்ப்பிரிவுக்கு இறங்கினால் சம்பளம் எவ்வளவு குறையும்? ஏஜென்ட் வைத்துக்கொண்டால் ஃபிஃபா உரிமம் பெற்றவரா என்று பாருங்கள், அவருடைய பங்கையும் எழுத்தில் வாங்குங்கள். நாட்டில் ஆட்டக்காரர் சங்கம் இருந்தால் சேருங்கள். சங்கங்களின் உலகக் கூட்டமைப்பான ஃபிஃப்ப்ரோ 1965-லிருந்து இயங்குகிறது.

முன்பு ஆடிய சின்னக் கிளப்புகளின் பதிவுச் சீட்டுகளையும் பத்திரப்படுத்துங்கள். பின்னாளில் நீங்கள் வேறு நாட்டுக்குப் பெருந்தொகைக்கு விற்கப்பட்டால், அதில் 5 விழுக்காடு 12 வயது முதல் 23 வயதுவரை உங்களைப் பயிற்றுவித்த கிளப்புகளுக்குப் போகும்.

முதல் அணியில்

முதல் அணியில் இடம் சட்டென்று கிடைக்காது. கோச்சுகள் இளம் விங்கரைக் கடைசி இருபது நிமிடம் இறக்கிப் பார்ப்பார்கள், இளம் சென்டர் பேக்கை அப்படி இறக்க மாட்டார்கள். காரணம் மேலேயே சொல்லிவிட்டேன். அதனால் கடனுக்கு (லோன், அதாவது தற்காலிகமாக) கீழ்ப்பிரிவு அணிக்கு அனுப்புகிறேன் என்றால் முகம் சுளிக்காதீர்கள். அங்கே முப்பத்து மூன்று வயது ஸ்ட்ரைக்கர் ஒருவர் முழங்கையாலும் இடுப்பாலும் உங்களுக்குக் கற்றுக்கொடுப்பதை எந்த அகாடமியும் கற்றுக்கொடுக்காது. போகும் முன் ஒன்று கேளுங்கள்: அங்கே என் இடத்தில் இப்போது யார் ஆடுகிறார்? இடம் காலி இல்லாத அணிக்குக் கடனாகப் போவது வீண்.

ஒருநாள் உங்கள் தப்பால் கோல் விழும். முதல் சீசனிலேயே விழும். அன்றிரவு கைப்பேசியை அணைத்துவிடுங்கள். மறுநாள் அந்தத் துணுக்கை ஒரே ஒருமுறை, கோல் விழுந்த இடத்திலிருந்து அல்ல, அதற்குப் பத்து நொடி முன்பிருந்து பாருங்கள். தப்பு பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்: தோளைத் திருப்பிப் பார்க்காத ஒரு கணம், வைக்காத ஒரு அடி.

பெரிய காயம் வந்தால் அவசரப்படாதீர்கள். முழங்கால் சிலுவைத் தசைநார் கிழிந்தால் திரும்பிவர ஒன்பது மாதம்வரை, சில நேரம் அதற்கு மேலும் ஆகும். 2020 அக்டோபரில் அந்தக் காயம்பட்ட வான் டைக் அந்த சீசனின் மீதி முழுவதும் ஆடவில்லை, அடுத்த கோடையின் ஐரோப்பியக் கோப்பையையும் விட்டுவிட்டார். திரும்பி வந்தபின் மறுபடி லிவர்பூலின் தூணானார். 1994 உலகக் கோப்பையில் ஃபிராங்கோ பரேசி முழங்கால் அறுவைச் சிகிச்சை முடிந்து மூன்றரை வாரத்தில் இறுதியாட்டம் ஆடியதைக் காட்டி யாராவது உங்களை உசுப்பினால், அவருக்கு வந்தது மெனிஸ்கஸ் என்ற முழங்கால் குருத்தெலும்பில் காயம், உங்களுக்கு வந்தது வேறு என்று சொல்லிவிடுங்கள்.

வேகம் குறையும்போது

டிஃபெண்டருக்கு ஒரு நல்ல செய்தி: கணிப்பு வயதோடு வளர்வது, அதனால் ஆயுள் கொஞ்சம் அதிகம். மால்டினி 1985-ல் 16 வயதில் மிலானுக்காக இறங்கி 2009-ல் 40 வயதில் ஓய்வு பெற்றார், இடையில் அதே கிளப்புக்கு 902 ஆட்டங்கள். தியாகோ சில்வா 36 வயதில் செல்சியோடு சாம்பியன்ஸ் லீக் வென்றார், இளவயதில் காசநோயால் ஆட்டத்தையே விட இருந்தவர் அவர். பெப்பே 41 வயதில் 2024 ஐரோப்பியக் கோப்பையில் போர்ச்சுகலுக்கு ஆடினார்.

முப்பதைத் தாண்டும்போது ஃபுல் பேக்காக இருந்தால் நடுவுக்கு வாருங்கள், மால்டினி செய்ததும் அதுதான். சென்டர் பேக்காக இருந்தால், பின்னால் மூன்று பேர் ஆடும் அணியில் நடு இடம் வேகத்தை அவ்வளவாகக் கேட்காது. இந்த வயதில் கிளப்புகள் பெரும்பாலும் ஓராண்டு ஒப்பந்தம்தான் நீட்டும், வீட்டு வாடகையும் பிள்ளைகள் படிப்பும் அதற்கேற்பத் திட்டமிட வேண்டியிருக்கும்.

ஓய்வுக்கு இரண்டு மூன்று ஆண்டு முன்பே கோச்சிங் உரிமத்தின் ஆரம்ப நிலைகளை முடித்துவிடுங்கள். சி, பி, ஏ, புரோ என்று படிப்படியாகப் போக வேண்டும், ஒவ்வொன்றுக்கும் நடுவே காலம் பிடிக்கும். கிளப்பின் பதினைந்து வயதுப் பையன்களுக்கு வாரம் ஒரு மாலை பயிற்சி கொடுக்கிறேன் என்று நீங்களே போய்க் கேளுங்கள், யாரும் மறுக்க மாட்டார்கள். அங்கே யாரோ ஒரு பையனிடம் “ஸ்ட்ரைக்கர் இடத்துக்கு ஆள் இருக்கு” என்று சொல்லும் வேலை உங்களுக்கு வரும்.